வெள்ளிச் சிமிழில் ஒரு சீவாளி

"வாயில எச்சில் ஊற மாட்டேங்குது" என்றார் நாகசுர வித்வான் சோமாஸ்கந்தன்.

அஞ்சுகம் தலையைத் தூக்கவில்லை. கொறுக்கைத் தட்டை ஒன்றைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"போன ஆனித் திருவிழாவில இருந்து."

"சாப்பிடும்போது?"

"ஊறுது."

"பேசும்போது?"

"ஊறுது. நாயனத்தைக் கையில எடுத்தா நின்னுபோகுது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிடுது. உள்ளங்கை வேர்க்குது, முழங்கால் ஆடுது, வாய் மட்டும் காஞ்சு கிடக்குது."

"பயமா?"

"பயந்தான்" என்றார் அவர். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாயனத்தின் வாய்தான் சீவாளி. விரல் நீளம்கூடக் கிடையாது. கொறுக்கைப் புல்லில் செய்த இரண்டு இதழ்கள், அடியில் ஒரு நூல்கட்டு, அவ்வளவுதான். எச்சிலில் நனைந்தால் பேசும். காய்ந்தால் அடுப்புக்குக்கூட ஆகாது. இரண்டு முழ மரக் குழலும், அதை வாசிக்கிறவரின் பேரும் புகழும் கழுத்துச் சங்கிலியும், அந்த இரண்டு இதழ்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவர்களும் பயப்படுவார்கள்.

"மருத்துவரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணி நிறையக் குடிங்கன்னார்."

"மந்திரிச்சீங்களா?"

சோமாஸ்கந்தன் சட்டையை விலக்கித் தாயத்தைக் காட்டினார். ஒன்றல்ல, மூன்று.

அஞ்சுகம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அரசலாற்றங்கரையில் இன்று சீவாளி கட்டுகிறவர்களில் அவள் கைக்குத்தான் பேர்.

"இந்த வீட்டுக்கு வர உங்களுக்குக் கால் வந்துதா?" என்று கேட்டாள்.

அவர் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போய், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியது.

"அவர் இல்ல" என்றாள். "ரைஸ் மில்லுல இருக்கார். மூட்டை தைக்கிறார்."

*

போன ஆனியில் நடந்தது இது.

சாமி புறப்பாடு. ராஜகோபுர வாசல். சாமி வாசலைத் தாண்டும்போது மல்லாரி வாசிக்க வேண்டும். மல்லாரி கேட்காமல் சாமி தூக்கிகள் படிக்கு வெளியே கால் வைக்க மாட்டார்கள். அந்தக் கோயிலில் அதுதான் முறை.

சோமாஸ்கந்தன் கம்பீர நாட்டை ராகத்தில் ஏறினார். நிஷாதம் வந்தது. அடுத்தது மேல் சட்ஜம்.

சட்ஜம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

தவில் இரண்டு ஆவர்த்தனம் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. தூக்கிகளின் தோளில் மரம் அழுந்தியது. தீவட்டி எரிகிற சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் வாய் திறக்கவில்லை. சாமி வாசலில் நின்றது.

சோமாஸ்கந்தன் சீவாளியைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பிளந்துபோச்சு! மாசிலாமணி கட்டின சீவாளி!"

பிறகு வேறு சீவாளி போட்டு வாசித்தார். சாமி போய்விட்டது.

மாசிலாமணி அஞ்சுகத்தின் புருஷன். அன்றைக்குப் பிறகு அவரிடம் ஒருவரும் சீவாளி வாங்கவில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ரைஸ் மில்லுக்குப் போனார். அஞ்சுகம் அவர் சீவாளி கட்டிய பலகையில் உட்கார்ந்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி ஊரில் யார் வாயிலும் வரவில்லை. நாற்பது வருஷம் ஆடியவரை ஆடத் தெரியாதவர் என்று யார் சொல்வார்கள்?

*

"எப்பப் புறப்பாடு?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"இன்னையோட நாலாம் நாள். அதே வாசல். இந்தத் தடவையும் சாமி நின்னுச்சுன்னா நான் இனிமே நாயனத்தைத் தொடமாட்டேன்."

"தொடாம?"

அவர் முகம் வெளுத்தது. "எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா."

அதைக் கேட்டு அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கையில எத்தனை சீவாளி வச்சிருக்கீங்க?"

அவர் பையை அவிழ்த்தார். நாற்பத்தொன்று.

"முன்னாடி?"

"அஞ்சோ ஆறோ. நாயனத்திலயே தொங்கும்."

"இதில நல்லது எதுன்னு எடுத்து வைங்க. நெல்லு அவியுது, நான் போய்ப் பாக்கணும்."

கொறுக்கையை நெல்லோடு சேர்த்து அவித்துக் காயப்போடுவது அந்த வீட்டு வழக்கம். அவள் அடுப்பங்கரைக்குப் போனாள்.

அவர் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் முதல் சீவாளியை நனைத்தார். எச்சில் இல்லாதவருக்குக் கிண்ணம்தான் கதி. ஊதினார். வாய் கொஞ்சம் இறுக்கம் என்று தோன்றியது. தந்தக் குச்சியை உள்ளே விட்டு அகலப்படுத்தினார். இப்போது அகலம் அதிகம். விரலால் அமுக்கினார். இப்போது இறுக்கம். மறுபடி குச்சி. இதழின் ஓரத்தைக் கொஞ்சம் சீவினார். லேசாகப் பேசியது. இன்னும் லேசாகப் பேசட்டும் என்று இன்னும் சீவினார். ஓட்டை விழுந்தது.

அடுத்ததை எடுத்தார்.

பொழுது சாயும்போது அவள் வந்து பார்த்தாள். பதினான்கு சீவாளி செத்துக் கிடந்தன. பாக்கி இருபத்தேழையும் அவர் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது எது?"

"தெரியல."

"காலையில இங்க வரும்போது எத்தனை நல்லா இருந்துது?"

அவர் யோசித்தார். "எல்லாமே" என்றார் மெல்ல.

"நாளைக்கு வாங்க."

*

மறுநாள் அவள் புதுச் சீவாளி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வாயில வைங்க."

"நாயனம்?"

"வேணாம். ஊத வேணாம். குச்சி வேணாம். கிண்ணமும் வேணாம். சும்மா வச்சுக்கிட்டு உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது நனையற வரைக்கும்."

அவர் உட்கார்ந்தார். வாயில் புதிதாகக் கட்டிய நூலின் வாசனை. நாக்கு அசையவில்லை. வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்தது. சீவாளி நனையவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள் இறங்கியது. கண்ணை மூடினார். நாக்கின் அடியில் எங்கோ ஓர் ஈரம் கசிகிற மாதிரி இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு. அவருக்கு அழுகை வந்தது.

அஞ்சுகம் பின்னாலிருந்து வந்தாள். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"சாமி வாசல்ல நிக்குது."

கடுக்கென்று ஒரு சத்தம்.

அவருடைய வாய்க்குள்ளிருந்துதான்.

அவள் கையை நீட்டினாள். அவர் சீவாளியை எடுத்து அதில் வைத்தார். இதழ் குறுக்கே ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு குழி. இடது சிங்கப்பல் அவருக்குக் கொஞ்சம் கோணல். குழியும் கோணலாகவே விழுந்திருந்தது.

அவள் ஒடிந்ததை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நெல்லைக் கிளறப் போய்விட்டாள்.

சோமாஸ்கந்தன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாக இடுப்புக்குப் போனது. மடியில் ஒரு வெள்ளிச் சிமிழ் இருந்தது. ஒரு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. குளிக்கும்போதுகூடக் கரையில் வைத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டே குளிப்பார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு வழியே பயமாக இருந்தது.

சிமிழைத் திறந்தார். மாசிலாமணி கட்டிய சீவாளி. பிளந்துபோனது என்று ஊருக்குக் காட்டியது. யாராவது கேட்டால் சாட்சியாக இருக்கட்டும் என்று பத்திரப்படுத்தியது. சிமிழில் வைத்த நாளிலிருந்து ஒருதடவையும் அவர் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தன்னைக் கேட்டதும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அதே ஒடிவு. அதே குழி. அதே கோணல்.

வெயில் காலத்துப் பகலில் அவருக்குக் குளிர் எடுத்தது. ஆயிரம் பேர் நடுவே நிற்கும்போதுகூட இப்படி நடுங்கியதில்லை.

"அஞ்சுகம்."

அவள் வந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். நேற்று வரைக்கும் அவளை 'வாம்மா போம்மா' என்றவர்.

"அன்னைக்கே தெரியும். அவர் கூட்டத்தில நின்னுட்டிருந்தார். கொறுக்கை பிளந்தா நார் போற வழியிலதான் பிளக்கும். மேலேருந்து கீழ. நீங்க தூக்கிக் காட்டினது குறுக்க ஒடிஞ்சிருந்துது. கட்டினவர் கண்ணுக்குத் தெரியாதா?"

"ஏன் அப்பவே சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். சாமி வாசல்ல நிக்குது, முதல்ல அது போகட்டும்னு இருந்துட்டாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் சாமி போயிடுச்சு. அவரை யாரும் கேக்கல."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லணும்னு சொல்லல. பிளந்துச்சுன்னுதான் நெனைச்சேன். அந்த நேரத்தில அப்படித்தான் நெனைச்சேன்."

"இருக்கும்."

"நிஷாதத்தில நிக்கும்போது ஒரு நெனைப்பு வந்துச்சு. இந்தத் தடவை சட்ஜம் வராதுன்னு. நாப்பது வருஷத்தில அப்படி வந்ததே இல்ல. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. சீவாளியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்னு தோணுச்சு."

"பிடிச்சீங்க."

"பிடிச்சேன்."

அடுப்பில் நெல் பொங்கியது.

"எனக்கு ஒரே ஒரு சீவாளி கட்டிக் கொடுங்க" என்றார். "கெட்டியா. கடிச்சாலும் ஒடியாத மாதிரி."

"கடிச்சாலும் ஒடியாதது பேசாது பிள்ளைவாள். மரக்கட்டைதான் அப்படி இருக்கும்."

"பின்ன நான் என்ன செய்யட்டும்?"

அஞ்சுகம் கத்தி முனையால் ஆற்றுக்கு அக்கரையைக் காட்டினாள். அங்கே தென்னை மரங்களுக்கு மேலே ரைஸ் மில் புகை போய்க்கொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்தது. கோபுர வாசலே தேவலை என்று ஆகிவிட்டது.

"வேற வழி இல்லையா?"

"இருக்கே" என்றாள். "வந்த வழி."

*

மூன்றாம் நாள் அவர் ரைஸ் மில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். வெற்றிலைக் கடையில் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி போனார். மறுபடி திரும்பினார். வெற்றிலைக் கடைக்காரர் இரண்டாம் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. வித்வான் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். அதைக் குடித்தும் நாக்கு நனையவில்லை.

நான்காம் தடவை உள்ளே போனார்.

மில் இரைந்தது. தவிட்டுத் தூசி புகை மாதிரி நின்றது. வரிசையாக ஐந்தாறு பேர் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாசிலாமணி. புருவமெல்லாம் தூசி. கையில் கோணி ஊசி.

"வாங்க பிள்ளைவாள்" என்றார் மாசிலாமணி.

திட்டியிருந்தால் சோமாஸ்கந்தனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிமிழைத் திறந்து நீட்டினார்.

"கடிச்சேன்."

"என்ன?" மாசிலாமணி காதில் கையை வைத்தார். மில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"கடிச்சேன்."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!"

"பிளக்கல! நான்தான் கடிச்சேன்!"

தைத்துக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசிலாமணி சீவாளியை எடுத்துத் தூசியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். காய்ச்சலில் கிடக்கிற பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நிஷாதம் வரைக்கும் பேசுச்சா?" என்று கேட்டார்.

"என்ன?"

"ஒடியறதுக்கு முன்னாடி. சரியாப் பேசுச்சான்னு கேக்கறேன்."

"பேசுச்சு. அது மாதிரி ஒண்ணு எனக்கு முன்னயும் கிடைக்கல, பின்னயும் கிடைக்கல."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவிட்டுத் தூசி என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு ஊசியைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். ஒரு வருஷம் கோணி தைத்தவரின் இடுப்பில் சீவாளிக் கத்தி இருந்தது, அதுவும் சாணை பிடித்து. பல் பட்ட இடத்துக்குக் கீழே ஒரே வெட்டு. ஒடிந்த நுனி தவிட்டில் விழுந்தது. பாக்கி இருந்த குட்டை இதழ்களின் ஓரத்தை மெல்லச் சீவினார். வாயில் வைத்து நனைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு சீவல். துண்டின் ஓரத்திலிருந்து நூல் உருவி அடிக்கட்டை இறுக்கினார்.

குச்சியை எடுக்கவே இல்லை.

"குட்டையாப் போச்சே" என்றார் சோமாஸ்கந்தன்.

"ஆமா. சுதி கொஞ்சம் ஏறும். சீவாளி செருகற எடத்தில நாலு சுத்து நூல் கூடச் சுத்திக்குங்க, சரியாப் போயிடும். முன்ன மாதிரி வாய்க்குள்ள இழுத்து வச்சுக்க முடியாது. உதட்டு நுனியிலதான் நிக்கும். பல்லுக்கு எடமில்ல."

"பயம் வந்தா?"

"வரும்."

"வந்தா எதைப் பிடிச்சுக்கறது?"

மாசிலாமணி சீவாளியைச் சிமிழில் வைத்தார். மூடவில்லை. திறந்தபடியே நீட்டினார். பிறகு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குத் திரும்பிவிட்டார்.

*

நான்காம் நாள் மாலை. ராஜகோபுர வாசல்.

சோமாஸ்கந்தனின் நாயனத்தில் சீவாளிக் கொத்து தொங்கவில்லை. தவில்காரர் அதைக் கவனித்தார்.

"பிள்ளைவாள், மாத்துச் சீவாளி எங்க?"

"கொண்டுவரல."

தவில்காரர் முருகா என்றார்.

கூட்டம் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு. மேளம் கேட்க வந்தவர்கள் பாதி. மறுபடியும் நிற்குமா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. ஊர் அப்படித்தான்.

தூக்கிகள் சாமியைத் தோளில் ஏற்றினார்கள். குருக்கள் கற்பூரம் காட்டினார். சாமி வாசலுக்கு வந்தது. நின்றது.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் நாக்கால் வாய்க்குள் துழாவினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. போன வருஷத்தைவிட மோசம். கண்ணுக்கு முன்னால் தீவட்டி இரண்டாகத் தெரிந்தது.

அவர் சீவாளியைக் கழற்றினார். போன வருஷம் தூக்கிய அதே கையால், அதே இடத்தில் நின்று, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

கூட்டத்தில் யாரோ "ஐயய்யோ" என்றார்கள்.

"போன வருஷம் இந்தச் சீவாளி பிளந்துபோச்சுன்னு சொன்னேன்" என்றார் சோமாஸ்கந்தன். குரல் கிழிந்து வந்தது. "பிளக்கல. நான் பயந்துபோய்க் கடிச்சேன். மாசிலாமணி கட்டினதில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னோடது."

தூக்கிகளின் தோளில் மரம் அழுந்தியது. தீவட்டி எரிகிற சத்தம் கேட்டது.

தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் அவர் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் அஞ்சுகம் தெரிந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற மாசிலாமணி, புருவத்தில் இன்னும் போகாத தவிட்டுத் தூசியோடு, கையைக் கூப்பினார்.

"சாமி வாசல்ல நிக்குது பிள்ளைவாள். முதல்ல அது போகட்டும்."

சோமாஸ்கந்தன் சீவாளியைச் செருகி உதட்டில் வைத்தார்.

எச்சில் ஊறியது.